முட்டி உயரத்தில் பூக்கும் உப்பு

வாலாஜாபேட்டையிலோ பக்கத்தில் ஆற்காட்டிலோ பழைய வீடு வாங்கிப் புதுப்பித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேராவது ஒரே கதையைச் சொல்வார்கள். வாங்கியபோது சுவரில் சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்திருந்தது, மற்றபடி சுவருக்கு ஒரு குறையும் இல்லை. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள், பட்டி பார்த்தார்கள், விலை உயர்ந்த பெயின்ட் அடித்தார்கள். கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டாவது மழைக்காலம் போவதற்குள் பெயின்ட் கொப்புளித்தது. கொப்புளத்தை விரலால் தட்டினால் வெள்ளைத் தூள் கொட்டியது. பூச்சோடு சேர்ந்து செங்கலும் மாவாகி உதிர ஆரம்பித்தது.

இதில் இரண்டு விந்தைகள் இருக்கின்றன. எண்பது வருடம் சுண்ணாம்புப் பூச்சோடு நின்ற சுவர், அதைவிடப் பல மடங்கு கெட்டியான சிமென்ட் பூசியதும் இரண்டே வருடத்தில் ஏன் கெடுகிறது? அடுத்தது இன்னும் விசித்திரம். ஈரம் தரையிலிருந்துதான் வருகிறது என்றால் தரையை ஒட்டிய பகுதிதான் முதலில் கெட வேண்டும். ஆனால் முதல் அரையடி பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. முட்டியிலிருந்து இடுப்பு உயரம் வரைதான் பொரிந்து உதிர்கிறது.

கொத்தனார் ஒரு தீர்வு வைத்திருப்பார். “கீழ இருந்து ஓதம் ஏறுது சார். வாட்டர்ப்ரூஃப் கலந்து இன்னும் ரெண்டடிக்கு கெட்டியா பூசிட்டா நின்னுடும்.” பூசுவார்கள். மறுவருடம் அந்த இரண்டடிக்கு மேலே உப்பு பூக்கும். கொத்தனார் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஏன் தவறு என்று புரிந்துகொள்ள, சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சுவரின் வயது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நவாப் வாலாஜா முகமது அலியின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை அதற்கு முன்பே பெயர்பெற்ற வணிகத் தலம். அதனால் இங்கே பழைய வீடு என்றால் சிமென்டுக்கும் முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்து, தேறாமல் போனது. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. சிற்றூர்க் கொத்தனாரின் கைக்குச் சிமென்ட் மூட்டை தாராளமாக வந்து சேர அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே தாத்தா காலத்து வீடு என்றால், செங்கல்லைக் கோத்திருப்பது சுண்ணாம்புக் காரையாகவோ வெறும் செம்மண்ணாகவோ இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கூரை, தேக்கு உத்திரங்களின் மேல் சின்ன அச்சுக்கல்லைச் சாய்வரிசையில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ். கடைக்காலுக்கு மேலே நீர் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, பொறியாளர்கள் டி.பி.சி. என்று சொல்வது, இந்த வீடுகளில் இருப்பதே அபூர்வம்.

சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்பது 1750களில்தான் விளங்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் பிளாக், காளவாயில் நடப்பதையே தராசில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்புப் பொருளைச் சுட்டபோது எடை குறைந்தது. போன எடை ஒரு வாயுவாக வெளியேறியிருக்கிறது என்று கண்டார். இன்று அதைக் கார்பன் டைஆக்சைடு என்கிறோம். நூறு கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிராம் வாயுவாகப் போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காளவாயில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிவிடும். இதற்குக் கார்பனேற்றம் என்று பெயர். பழைய காரை ஒருவகையில் மனிதன் கையால் செய்த கல்தான். அது கட்டிய ஆண்டின் காற்றைத் தனக்குள் பூட்டி வைத்திருப்பதால், கார்பன் 14 முறையில் காரையின் வயதைக் கணிப்பவர்களும் உண்டு. கோயில், கோட்டைகளுக்கு அது உதவும், நூறு வருட வீட்டுக்கு அத்தனை துல்லியம் கிடைக்காது. வீட்டுப் பத்திரமே நம்பகமானது!

கார்பனேற்றம் நடந்ததா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பினாப்தலீன் கரைசலை, புதிதாக உடைத்த காரையின் மேல் தெளித்தால், இன்னும் இறுகாத சுண்ணாம்பு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். கல்லாகிவிட்ட இடம் நிறம் மாறாது. புதுப்பூச்சில் வெளித்தோல் மட்டும் வெள்ளையாக, உள்ளே சிவப்பாகத் தெரியும். ஒரு மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அந்த எல்லை உள்ளே நகரும். சுண்ணாம்பு வேலை பொறுமையைக் கேட்கும் என்று பழைய கொத்தனார்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இப்படி இறுகிய காரை நம் கதைக்கு முக்கியமாவது அதன் பலத்தால் அல்ல, அதன் துளைகளால். காரைக்குள்ளும் நாட்டுச் செங்கலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத புழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் வழியே நீர் தானாக மேலே ஏறும். இதைத்தான் பாடப்புத்தகங்கள் நுண்புழை ஏற்றம் என்கின்றன.

ஒரு விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கீழே, சுடர் மேலே. நூலிழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் எண்ணெய் ஏறுகிறது, சுடர் அதைத் தீர்க்கிறது. ஏறுவதும் தீர்வதும் சமமாக இருக்கும்வரை விளக்கு நிதானமாக எரியும். மண்ணில் கால் ஊன்றிய சுவரும் ஒரு திரிதான். சுடர் செய்யும் வேலையை இங்கே வெயிலும் காற்றும் செய்கின்றன.

எவ்வளவு உயரம் ஏறும்? 1718இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின், கண்ணாடிக் குழாய்களை வைத்து ஒரு விதியைச் சொன்னார். குழாய் எவ்வளவு குறுகலோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர். ஆரம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறுகினால் 15 சென்டிமீட்டர். நூறில் ஒரு பங்கானால் ஒன்றரை மீட்டர். செங்கலின் புழைகளில் பல அதைவிடவும் நுண்ணியவை. இந்தக் கணக்குப்படி நிலத்தடி ஈரம் மொட்டை மாடிக்கே போய்ச் சேர வேண்டும். போவதில்லை. ஏறும் வழியெல்லாம் சுவரின் இரண்டு முகங்களிலும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஏற்றமும் ஆவியாதலும் எங்கே சமன்படுகிறதோ, அங்கே ஈரத்தின் எல்லைக்கோடு நிற்கிறது.

இந்தச் சமநிலையை 2007இல் கிறிஸ்டோபர் ஹால், வில்லியம் ஹாஃப் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்காக்கினார்கள். அவர்கள் சொன்னதில் இரண்டு செய்திகள் பழைய வீடு வாங்குபவருக்கு வேண்டியவை. ஆவியாதல் பாதியாகக் குறைந்தால் ஈரம் ஏறும் உயரம் 1.4 மடங்கு ஆகும். கால் பங்காகக் குறைந்தால் உயரம் இரட்டிக்கும். சுவரின் தடிமன் இரட்டித்தாலும் உயரம் 1.4 மடங்கு கூடும். அதாவது ஒன்றரை அடிச் சுவரில், ஒன்பது அங்குலச் சுவரைவிட ஓதம் உயரமாக ஏறுவது இயல்பு.

இப்போது கொத்தனாரின் தீர்வுக்கு வருவோம். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் ஆவியைத் தாராளமாக வெளியே விடுபவை. அவற்றை எடுத்துவிட்டு, அடர்த்தியான சிமென்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ட் என்று மூன்று போர்வை போர்த்துகிறோம். கீழிருந்து வரும் நீர் குறையவில்லை, வெளியேறும் வழிதான் அடைபட்டது. ஆவியாதல் கால் பங்கானால், இரண்டடியில் நின்ற ஈரம் நாலடிக்குப் போகும். வாட்டர்ப்ரூஃப் பூச்சை இன்னும் மேலே இழுத்தால் ஈரமும் அதைத் தொடர்ந்து மேலே போகும். சில இடங்களில் அது உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை எட்டி, மரத்தை இற்றுப்போகச் செய்கிறது. கரையானுக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

தரையும் இதில் கூட்டு. செங்கல் பாவிய பழைய தரை வழியே கொஞ்சம் ஈரம் மேலே வந்து காய்ந்துவிடும். அதைப் பெயர்த்து கான்கிரீட் போட்டு வழவழவென்று டைல்ஸ் ஒட்டினால், அந்த ஈரத்துக்கும் சுவர்தான் வழி.

ஆனால் வெறும் தண்ணீர் செங்கலை மாவாக்காது. கிணற்றுச் சுவர் வருடக்கணக்காக நனைந்தே நிற்கிறது. உண்மையான குற்றவாளி தண்ணீரோடு கரைந்து வரும் உப்பு.

நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தரையை ஒட்டிய பகுதி எப்போதும் நனைந்தே இருப்பதால் அங்கே உப்பு கரைந்த நிலையிலேயே மேலே போய்விடுகிறது. உயரப் போகப் போக நீர் குறைந்து கரைசல் அடர்கிறது. ஈரத்தின் எல்லைக்கோட்டை நெருங்கும் இடத்தில் இனி கரைந்திருக்க முடியாத நிலை வந்து, உப்பு படிகமாகிறது. அந்த எல்லைக்கோடு நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவே விழுகிறது. இரண்டாவது விந்தைக்கு விடை இவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் பழைய தேவாலயச் சுவரோவியங்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆண்ட்ரியாஸ் ஆர்னால்டும் கொன்ராட் ட்செண்டரும் இன்னொன்றையும் காட்டினார்கள். உப்புகள் சுவரில் வரிசை பிரித்து உட்காருகின்றன. எளிதில் படியும் சல்பேட்டுகள் கீழே. கடைசிவரை கரைந்தே இருக்கும் நைட்ரேட்டும் குளோரைடும் மேலே.

படிகம் எங்கே உருவாகிறது என்பதில்தான் சுவரின் தலையெழுத்து இருக்கிறது. பூச்சு நீரை முகப்புவரை விட்டால், உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடலாம். இதை வெளிப்பூப்பு என்று சொல்லலாம். முகப்பு அடைபட்டிருந்தால் நீர் பூச்சுக்குப் பின்னால், செங்கலின் மேல்தோலுக்குள்ளேயே காய்கிறது. அங்கே நடப்பது உட்பூப்பு. வளரும் படிகத்துக்கு நகர இடமில்லை, புழையின் சுவரைத் தள்ளுகிறது.

படிகத்துக்கு அத்தனை பலம் உண்டா என்று கேட்கலாம். 1905இல் ஜார்ஜ் பெக்கர், ஆர்தர் டே என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் படிகாரக் கரைசலில் ஒரு படிகத்தை வளர்த்து, அதன் தலைமேல் ஒரு கிலோ எடையை வைத்தார்கள். படிகம் அந்த எடையைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான், ஆனால் தூக்கியது. அதற்கும் முன்பே, 1828இல், பிரான்சில் கட்டடக் கல்லின் தரம் பார்க்க ஒரு சோதனை புழக்கத்துக்கு வந்திருந்தது. கல்லை சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். திரும்பத் திரும்ப ஊறவைத்துக் காயவிட்டால் சொத்தைக் கல் உடைந்து உதிர்ந்துவிடும். பனியில் கல் தாங்குமா என்று அறிய அவர்கள் கண்டுபிடித்த அந்தச் சோதனையைத்தான், நம் வீட்டுச் சுவர் வருடாவருடம் தனக்குத்தானே செய்துகொள்கிறது.

அந்த சோடியம் சல்பேட்டின் குணம் கொஞ்சம் பொல்லாதது. 32.4 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது நீரில்லாத படிகமாக இருக்கும். அதற்குக் கீழே ஈரம் கிடைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு, நான்கு மடங்குக்கும் மேலாக இடத்தை அடைக்கும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து வெப்பநிலை இந்த 32.4 என்ற கோட்டைப் பகலில் ஏறியும் இரவில் இறங்கியும் வருடத்தில் எத்தனையோ நாள் தாண்டுகிறது. மேற்குப் பார்த்த சுவர் சீக்கிரம் கெடுகிறது என்ற புலம்பலை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

இத்தனை உப்பு எங்கிருந்து வருகிறது? மண்ணில் எங்கும் கொஞ்சம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் வட்டாரத்தில் அதற்குத் தனி வரலாறும் உண்டு. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பு தடவித்தான் பதப்படுத்தும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பது. குரோம் முறையில் பதனிடும்போது உப்பும் கந்தக அமிலமும் குரோமியம் சல்பேட்டும் சேர்கின்றன. குளோரைடு, சல்பேட் இரண்டும் கழிவுநீரோடு பல பத்தாண்டுகள் நிலத்துக்குள் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகச் சொன்ன ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. வயலுக்குப் போன அந்தக் கேட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே நிலத்தடி நீர்தான் வீட்டுச் சுவரின் காலையும் நனைக்கிறது என்பதைப் பேசியதில்லை.

இதில் நம் கைவேலையும் சேர்கிறது. போர் தண்ணீரில் சிமென்ட் குழைத்து, அதே தண்ணீரை வாரக்கணக்கில் அடித்து நனைக்கிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் நீரில் 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது. கம்பி இல்லாததற்கு 2,000 வரை போகலாம். சல்பேட்டுக்கு வரம்பு 400. வேலை தொடங்குமுன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு லிட்டரில் இரண்டு கிராம் உப்பு இருக்கிறது, ஒரு சுவர் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் அந்தச் சுவருக்குள் தங்கும் உப்பு 730 கிராம், கிட்டத்தட்ட முக்கால் கிலோ.

பின்கட்டில் மாட்டுத்தொழுவம் இருந்த வீடா? கோமியம் ஊறிய மண் காலப்போக்கில் நைட்ரேட்டைக் கொடுக்கும். பீகாரின் ஊர்மண்ணிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வெடிமருந்துக்கு வாங்கிக் கப்பலேற்றிய வெடியுப்பு இதே சரக்குதான். தொழுவத்தை இடித்துப் படுக்கையறை ஆக்குபவர்கள் அந்தச் சுவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. போதாததற்கு சிமென்டும் தன் பங்குக்குச் சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகளைக் கொண்டுவருகிறது.

ஒரு சுவர் ஈரமாக இருக்கிறது என்றால் காரணம் ஓதம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மாடியிலிருந்து ஒழுகலாம், சுவருக்குள் குழாய் கசியலாம். எதுவுமே இல்லாமல் உப்பு மட்டும்கூட சுவரை ஈரமாக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அது இதனால்தான். உப்பேறிய சுவரும் அந்த மாதங்களில் கசியும், தையில் காய்ந்துவிடும்.

கூர்முனை இரண்டைச் சுவரில் குத்தி எண் காட்டும் ஈரமானியோடு சிலர் வருவார்கள். அது அளப்பது ஈரத்தை அல்ல, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. உப்பு இருந்தால் கொஞ்சம் ஈரத்திலேயே மின்சாரம் நன்றாகப் பாயும், கருவி அலறும். அந்த எண்ணைக் காட்டி ஊசி போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று யாராவது விலை சொன்னால், கையெழுத்துப் போடுமுன் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

சரியான சோதனை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். சுவரில் அடிக்கு ஓர் இடமாக, கீழிருந்து மேலே, மெதுவாகத் துளையிட்டுத் தூளை எடுத்து எடை பார்க்கிறார்கள். வேகமாகத் துளையிட்டால் சூட்டில் ஈரம் போய்விடும். பிறகு தூளை ஒரு மூடிய பெட்டியில் சில நாள் வைக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் கெட்டியான உப்புக் கரைசல். அது பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதத்தைச் சரியாக 75 சதவீதத்தில் நிறுத்தும். குற்றவாளியையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்! மறுபடி எடை. கடைசியில் 105 டிகிரி அடுப்பில் முழுதாக உலர்த்தி மூன்றாவது எடை. இந்த மூன்று எடைகளிலிருந்து, சுவரில் உண்மையில் இருந்த ஈரம் எவ்வளவு, காற்றிலிருந்து உப்பு இழுத்திருக்கக்கூடிய ஈரம் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். முதலாவது மிகக் கூடுதலாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. கீழே அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறைந்தால் ஓதம். மேலே அதிகம் என்றால் மாடியைப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ சமம் என்றால் தண்ணீர் நின்று வெகுநாளாயிற்று, மிச்சமிருப்பது உப்பின் வேலை.

தண்ணீர் வருகிறது என்றால் முதலில் தெருவைப் பாருங்கள். தார்ச்சாலையின் மேல் தார் போட்டே பழைய தெருக்கள் உயர்ந்துவிட்டன. நாலு படி ஏறிப் போன திண்ணை இன்று தெருவோடு தெருவாகக் கிடக்கிறது. மண்ணுக்கு மேலே இருந்த சுவரடி மண்ணுக்குள் போய்விட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட வேண்டி வந்தது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் தமிழ்நாட்டில் செழிப்பதும் இதனால்தான். செம்மண்ணில் கட்டின பழைய சுவருக்கு அந்த வைத்தியத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பி நீரை வெளியே விட்டாலே பாதிக் கணக்குத் தீரும். குளியலறைக் கழிவு, துணி துவைக்கும் கல், சுவரோரத் தொட்டி ஆகியவற்றின் நீரும் சுவரைவிட்டு விலகிப் போக வேண்டும்.

அடுத்தது பூச்சு. சுவரைவிடப் பூச்சு மெலிந்ததாகவும் துளைகள் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது பழஞ்சுவர்ப் பாதுகாப்பில் பாலபாடம். உப்பு எங்காவது படியத்தான் போகிறது. அது பூச்சிலேயே படிந்து பூச்சையே உதிர்க்கட்டும், செங்கல் பிழைக்கும். பத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் இந்த மேல்தோலுக்குப் பலிப்பூச்சு என்று பெயர் வைக்கலாம். சுவரில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்து வீடு வாங்கினவர் முகம் சுளித்தாரே, அந்தப் பூச்சு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூசுமுன், உள்ளிருக்கும் உப்பைக் கொஞ்சம் வெளியே எடுக்கவும் வழி உண்டு. காகிதக்கூழையும் களிமண்ணையும் நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பிக் காயவிட்டால், ஈரத்தோடு உப்பும் அதற்குள் வந்துவிடும். பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி அப்பலாம்.

சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பது நம் பக்கத்துப் பழைய பழக்கம். சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது, இறுகும் வேகத்தையும் மாற்றுகிறது. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கலவைகளைச் சோதனைச்சாலையில் வைத்து ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அதே கடுக்காயைத்தான், குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையோடு சேர்த்து இந்த வட்டாரத்தில் தோல் பதனிடவும் பயன்படுத்தினார்கள். சுவருக்கும் தோலுக்கும் ஒரே கடையில் சரக்கு வாங்கியிருக்கக் கூடும்.

சிமென்ட் மேல் எனக்குப் பகை இல்லை. புதுக் கழிவறை, தண்ணீர்த் தொட்டி, தனித்தூண் எழுப்பிப் போடும் புதுக்கூரை ஆகியவற்றுக்கு அதைவிட்டால் வழியில்லை. சிமென்ட் கலவையில் கட்டின சுவருக்குச் சிமென்ட் பூசுவதிலும் தவறில்லை. சுண்ணாம்பிலோ மண்ணிலோ எழும்பி, தடுப்பு அடுக்கு இல்லாமல் ஈர மண்ணில் நிற்கும் சுவருக்கு மட்டும் அது ஆகாது. சுண்ணாம்பு வேலைக்குக் கூலி கூட, தெரிந்த ஆட்கள் குறைவு, நாளும் இழுக்கும். அந்தச் செலவை வீட்டின் விலையில் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். சுவரையும் அதே கவனத்தோடு பாருங்கள். சித்திரையில் புது வெள்ளை அடித்துக் காட்டும் வீட்டைக் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். முட்டி உயரத்தில் உள்ளங்கையால் தடவுங்கள், அலமாரிக்குப் பின்னாலும் தடவுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், சிமென்ட் பூச்சை எடுத்து, தண்ணீர் வரும் வழியை அடைத்தபின், நனைந்த சுவர் உலர ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு ஒன்றரை வருடம். பெயின்ட்டருக்கு அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.